தொட்டிக்கீரை

காய்ச்சல் விட்ட பிறகும் அக்காவுக்கு நாக்கு செத்தே கிடந்தது. எதை வைத்தாலும் "மண்ணு மாதிரி இருக்குடி" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். என் வீட்டுக்கு அழைத்து வந்து, கூடத்தில் மீன்தொட்டிக்கு எதிரே கட்டில் போட்டுக் கொடுத்தேன். ஆள் துரும்பாக இளைத்திருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

தொட்டி என் வீட்டுக்காரருடையது. அதன் விளிம்பில் செருகி வைத்த வள்ளைக்கீரை என்னுடையது. மேலே இலை, கீழே மீன்களுக்கு நடுவே வெள்ளை வேர். மீன் கழிவுதான் அதற்கு உரம். பகலெல்லாம் அக்கா அந்த வேர்களையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். வெயில் சாயும்போது தண்ணீரின் வெளிச்சம் அவள் போர்வையில் அசையும். கூடமே மெதுவாக எங்கோ மிதந்து போவதுபோல் இருக்கும். தையல் மிஷினை நிறுத்திவிட்டு நானும் கூடவே மிதப்பேன்.

ஒருநாள் அவளே வாயைத் திறந்து கேட்டாள். "அந்தத் தண்டு கடிச்சா நறுக்குனு இருக்குமாடி?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் வளரட்டும்கா, வதக்கித் தரேன்."

அதன்பின் எங்களுக்கு அதே பேச்சுதான். முதலில் தண்டைப் போடுவதா, இலையையா என்று மணிக்கணக்கில் வாதாடுவோம். கீரை நீள நீள அவள் கண்ணில் உயிர் வந்தது.

அறுக்கிற அன்று காலை தண்ணீர் லேசாக நீலமாக இருந்தது. வானம் உள்ளே இறங்கிவிட்டது என்று ரசித்தேன், மடச்சி. கை நிறைய அறுத்து வைத்துவிட்டு, எண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டபோது, குளித்துவிட்டு வந்த மனுஷன் அலறினார்.

"ஐயையோ, அதைத் தொடாதே! மீனுக்கெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்திருக்குன்னு நேத்து தொட்டியில மருந்து ஊத்திட்டேன்."

"மீனை வாளியில எடுத்துவிட்டு ஊத்தக்கூடாதா? இவ்வளவு கீரை இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

"சாகுதேன்னு பதறிட்டேன். கீரை ஞாபகமே வரலை."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். மீனையே கட்டிக்கொண்டு குடித்தனம் பண்ணச் சொன்னேன். கீரையைக் குப்பையில் கொட்டும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. இதை எப்படி அவளிடம் போய்ச் சொல்வேன்?

திரும்பினால், அக்கா சுவரைப் பிடித்தபடி சமையலறை வாசலில் நிற்கிறாள். அடுப்பில் பூண்டு தனியாகச் சிவந்துகொண்டிருந்தது.

"சண்டையை அப்புறம் போடுங்க," என்றாள். "எனக்குப் பசிக்குதுடி. வேற என்ன இருக்கு?"