சாவு விழாத வீட்டுக் கூடாரம்

எங்கள் தாமான் குடியிருப்பின் நடுத்தெருவில் லாரிக்காரர்கள் குறுக்குவழி பிடித்துப் பறக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் நாலுகால் ஊன்றுகோலோடு எதிர்க்கடைக்குப் போவதை நிறுத்தி மாதக்கணக்காகிறது. என் மகள் அபிகெயிலை இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்குக் காரில் கொண்டு விடுகிறேன். வெட்கக்கேடு.

சாலைத் திட்ட அதிகாரி கமலநாதன் கூட்டம் போட்டு, "சின்னவங்க பெரியவங்க எல்லாரும் ஒங்களுக்கு வேண்டிய தெருவ வரைங்க" என்று கலர் பென்சில் கொடுத்தார். வரைந்தோம். வண்டி ஊடே புகுந்து போக முடியாதபடி தெரு நடுவில் மரங்கள், பெஞ்சுகள். அபிகெயில் தன் சைக்கிளையும் போட்டாள். பிறகு அவரிடமிருந்து பதில் வந்தது: "ரோட்ட அடைக்க முடியாதும்மா. வண்டிங்க எங்க போகும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணம், சாவு என்றால் இதே தெருவில் கூடாரம் போட்டு நாள் முழுக்க அடைக்கிறோமே, அப்போது எங்கே போகின்றனவாம்? கூடாரம் வாடகைக்கு விடும் சபாபதி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"யாரு தவறிட்டாங்க, ஷர்மைன்?"

"யாரும் இல்லண்ணே. நீங்க வந்து போடுங்க லா."

சனிக்கிழமை காலையில் தெரு நடுவில் கூடாரம் நின்றது. லாரிகள் வந்தன, ஹாரன்கூட அடிக்காமல் பின்வாங்கிப் பெரிய ரோட்டுக்கே போயின. பின்தெரு கெர்ட்ரூட் அக்கா கறுப்புச் சட்டையில் மலர்வளையத்தோடு வந்துவிட்டார். உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளைப் பார்த்து, "அலமாக்! நீங்கதான்னு நெனச்சேன்!" என்று பதறினார்.

"இப்பத்திக்கு இல்ல, போ" என்றார் பேச்சியம்மாள். எழுந்தார். யார் கையையும் பிடிக்காமல் எதிர்க்கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மத்தியானம் கமலநாதன் அந்தப் பக்கம் வந்தார். கூடாரத்தைக் கண்டதும் காரை ஓரங்கட்டிவிட்டு, தலை குனிந்து நடந்து வந்தார்.

"மன்னிச்சுக்குங்கம்மா, தெரியாது. யாரு போயிட்டாங்க?"

"யாரும் சாகல சார்" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "அப்புறம் எதுக்கு ரோட்ட அடைச்சிருக்கீங்க? இப்பவே கழட்டுங்க!"

நான் வாய் திறப்பதற்குள் பேச்சியம்மாள் ஊன்றுகோலை அவர் முன்னால் ஊன்றி நின்றார்.

"செத்தவங்களுக்கு வழி விடுறீங்க. உசிரோட நடக்கணும்னு கேட்டா விட மாட்டீங்களா? செத்தப்பறம் எனக்கு எதுக்குய்யா ரோடு?"

கமலநாதன் அவரைப் பார்த்தார். பிள்ளைகள் சைக்கிள் விடுவதைப் பார்த்தார். கடைசியில், குரலைத் தணித்து, "எப்ப கழட்டுவீங்க?" என்றார்.

"நீங்க மரம் எப்ப கொண்டாருவீங்க?" என்றேன்.

கூடாரத்தைக் கழற்ற வந்திருந்த சபாபதி அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.