வெள்ளரிப்பிஞ்சுக் கலர்

ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரியின் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு நிறத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் தினமும் காலையில் அடுப்படியில் நின்று, புருஷனின் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் கொதிக்க வைத்து, அது என்ன நிறம் என்று அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டி வரும் என்று லீலா கனவிலும் நினைத்ததில்லை.

எல்லாம் சக்கரவர்த்தி டாக்டர் செய்த வேலை. கந்தசாமிக்குச் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்தவர், ஒரு பாட்டில் நீல மருந்தையும் கண்ணாடிக் குழாயையும் லீலாவின் கையில் கொடுத்தனுப்பினார். மருந்தில் மூத்திரம் சில சொட்டு விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சை என்றால் கொஞ்சம் சர்க்கரை. மஞ்சள் என்றால் அதிகம். செங்கல் நிறம் வந்தால் ஆபத்து.

"ஐப்பசி பொறந்ததும் வாங்க. அப்பவும் செங்கல்லாவே இருந்தா மாத்திரை போதாதும்மா. தினம் ஊசிதான். வீட்லயே நீங்க போடக் கத்துக்கணும்" என்றார் டாக்டர்.

ஊசி! அம்மை குத்த வந்தவர்களைப் பார்த்துச் சின்ன வயதில் கமண்டல நதியைத் தாண்டி ஓடிய மனுஷன் கந்தசாமி. "ஊசி போட்டுக்கறதுக்கு நான் செத்தே போயிடறேன்" என்று நடுக்கூடத்தில் நின்று அறிவித்துவிட்டார். லீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய அண்ணன் இதே வியாதியில் கால்விரல் புண்ணாகி, புண் மேலே ஏறி, போய்ச் சேர்ந்தவர். போதாததற்கு ஊசியைக் கையில் எடுப்பதை நினைத்தாலே அவளுக்கும் விரலெல்லாம் நடுங்கியது. ஐப்பசிக்குள் அந்தக் குழாயில் செங்கல்லைப் பார்க்காமல் இருக்க வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதலே இல்லை.

ஆனால் கந்தசாமியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"இன்னாங்க இது, மறுபடியும் செங்கல்லு!"

"செங்கல்லா? கண்ணத் தொறந்து பாருடி. இது அரக்கு. வெளிச்சத்துல காட்டு, ஓரத்துல மாம்பழ மஞ்சள் அடிக்குது பாரு. டாக்டரு அரக்குன்னு சொன்னாரா? சொல்லல இல்ல? அப்ப இது கணக்குல வராது."

ஊரில் நிறத்துக்கு அவர் சொன்னதுதான் தீர்ப்பு. அந்தத் திமிரில் குழாயையும் தறிக்கூடத்துக்கு எடுத்துப்போய் நெசவாளி தருமனிடம் காட்டி ஓட்டுக் கேட்டார். தருமன் சம்பளம் வாங்குகிற இடம் தெரிந்தவன். அரக்குதான் என்று சொல்லிவிட்டு வேகவேகமாக நாடாவை ஓட்டினான்.

நடக்கச் சொன்னால் அது அதைவிடக் கூத்து. ஒருநாள் காலை தெருவில் கிளம்பினார். காரியமில்லாமல் ஒரு மனுஷன் வேகமாக நடந்தால் ஆரணியில் சும்மா விடுவார்களா? எங்கே, என்ன விசேஷம், யாருக்கு என்ன ஆச்சு என்று வாசலுக்கு வாசல் நிறுத்தினார்கள். நிறுத்தியவர்களெல்லாம் காப்பி கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்களே என்று இவரும் குடித்துத் தொலைத்தார். நடந்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் குழாய் என்றைக்கும் இல்லாத அளவுக்குச் சிவந்தது.

சரி, வீட்டுக்குள்ளேயே தேகப்பயிற்சி செய்யுங்கள் என்றாள். தறிகளுக்கு நடுவே நின்று கையை மேலே தூக்கிக் குனிந்து காலைத் தொடப் பார்த்தார். தொப்பை வழியை மறித்தது. எல்லாத் தறியும் நின்று, கூடமே வாயைப் பொத்திக்கொண்டது. அத்தோடு அதற்கும் முழுக்குப் போட்டார். ஆற்காட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஜீராவில் ஊறிய மக்கன் பேடா தின்பதற்கு மட்டும் முழுக்குப் போடவில்லை.

பிறகு அவருக்கு வயிறு கெட்டது. இரண்டு நாள் கேழ்வரகுக் கஞ்சியைத் தவிர எதுவும் உள்ளே தங்கவில்லை. மறுநாள் காலை குழாய் கொதித்தபோது லீலா அடுப்படியிலேயே குதித்தாள். பச்சை! அதுவும் லேசாகப் பால் கலந்தாற்போல, வெள்ளரிப்பிஞ்சின் மேல்தோல் மாதிரி ஒரு குளிர்ந்த பச்சை. அவர் குளித்துவிட்டு வந்ததும் கண்ணில் படட்டும் என்று குழாயை ஒரு டம்ளரில் நிறுத்தி, கூடத்து ஜன்னலில் வெயில் படும்படி வைத்தாள்.

அவர் குளித்துவிட்டு வருவதற்கும் பெரணமல்லூர் பொன்னியம்மாள் மகளோடு வாசல் ஏறுவதற்கும் சரியாக இருந்தது. தை மாசம் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவைக்கு ஏற்கெனவே ஊரில் பாதிக் கடைகளை அழவிட்டுவிட்டு வந்திருந்தாள் அந்த அம்மாள். கந்தசாமி பட்டு நூலை எடுத்து எடுத்துப் போட்டார். மயில் கழுத்தா, பார்த்தாச்சு. கிளிப்பச்சையா, நாத்தனார் வீட்டில் எடுத்தாச்சு. கத்திரிப்பூவா, பெண்ணுக்கு எடுக்காது. திரும்பிப் போக எழுந்தவளின் பார்வை ஜன்னல் பக்கம் போயிற்று.

"ஐயே! இதப் பாருங்களேன். இந்தக் கலரத்தானே நான் ஊரெல்லாம் தேடிகினு கீறேன்!"

"ஐயோ, அது வந்துங்க…" என்று லீலா வாயெடுத்தாள்.

கந்தசாமி முந்திக்கொண்டார். "சாம்பிளுங்கம்மா. காத்தாலதான் எடுத்தது."

ஒரு வார்த்தை பொய் இல்லை. பொன்னியம்மாள் குழாயைக் கையில் எடுத்தாள். "இன்னும் சூடு கூட ஆறலயே" என்று வியந்தாள். அதை மகளின் கன்னத்தோரம் பிடித்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்றாள். லீலா உள்ளே ஓடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றும் இருந்தது.

"இதே கலரு. துளி மாறினாலும் வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பொன்னியம்மாள் பஸ் ஏறப் போனாள்.

சாயம் போடுவது வீரபாகு. லீலாவின் கூடப்பிறந்த தம்பி. இரண்டு தெரு தள்ளி வீடும் சாயப்பட்டறையும். அக்கா வீட்டுக்குள் வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைத் தொண்டையில் கவிழ்த்துக்கொண்டு, இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பான். சாய அண்டாவின் அனலில் நிற்கிறவனுக்குத் தாகம் எடுக்காமல் என்ன செய்யும்? ஆளும் குச்சி. இந்த ஆறு மாசத்தில் இன்னும் இளைத்திருந்தான். ஜெயம் சோறு போடுகிறாளா இல்லையா என்று லீலா அவன் சம்சாரத்தைச் சாடை பேசாத நாள் இல்லை.

சங்கதியைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான் வீரபாகு. "கன்னத்துலயா வெச்சாங்க? மாமா, உங்களுக்குக் கோயிலே கட்டலாம்!" சிரித்து முடித்துக் குழாயைப் பார்த்தான். அதற்குள் பச்சையெல்லாம் அடியில் மண்டியாக இறங்கி, மேலே வெறும் தெளிவு நின்றது. "ஆறினதும் கலரு செத்துப்போச்சே மாமா. நாளைக்குப் புதுசா ஒண்ணு போடுங்க. பாத்தாத்தான் நூல முக்க முடியும்."

போடுங்க என்றால் சும்மா வந்துவிடுமா? பெரிய இடத்து ஆர்டர் கிடைத்த குஷியில் கந்தசாமி அன்று சாயந்திரமே பேடாவைத் தின்றுவிட்டார். காலையில் அசல் செங்கல்.

"இதே கலர்ல நெய்து அனுப்புங்க, பொன்னியம்மா வாங்கிகினு போவாங்க" என்றாள் லீலா.

"பச்ச எப்பிடிடி வந்துச்சு அன்னிக்கு?"

"கஞ்சி குடிச்சீங்க, வந்துச்சு. பேடா தின்னா பச்ச வராது. நடந்தா வரும்."

டாக்டருக்காக நடக்காதவர், செத்துப்போன அண்ணனை நினைத்தும் நடக்காதவர், ஒரு புடவைக்காக நடந்தார். முற்றத்தைச் சுற்றினார், தறிகளுக்கு நடுவே போனார், வந்தார், கொல்லைக்கும் வாசலுக்கும் அலைந்தார். தொப்பை குலுங்கக் குனிந்து எழுந்தார். தருமன் சிரித்தபோது, "சிரிடா சிரி, ஆர்டரு போனா உனக்குந்தான் நஷ்டம்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். மறுநாள் குழாய் கொதித்தது, கொதித்தது, நிறம் மாறவே இல்லை. சுத்த நீலம். லீலா சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கந்தசாமி இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"இந்த நீலத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? பேஜாரா போச்சே!"

"கூட ஒரு இட்லி சாப்ட்டுப் பாருங்க" என்றாள் லீலா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவளுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பச்சையோ நீலமோ, எது வந்தாலும் ஊசி வராது. அதை அவள் ஏன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்?

இப்படியே கூட்டிக் குறைத்து, கடைசியில் ஒருநாள் வெள்ளரிப்பிஞ்சு திரும்ப வந்தது. கந்தசாமியே குழாயைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீரபாகு வீட்டுக்கு ஓடினார். வழியில் ரெண்டு பேர் நிறுத்தி எங்கே என்று கேட்டார்கள். போய்ச் சேர்வதற்குள் கலர் மறுபடியும் செத்துப்போயிற்று.

வீரபாகுவுக்குப் பொறுமை போயிற்று. மத்தியானம் அக்கா வீட்டுக்கு வந்து பாட்டிலிலிருந்து கொஞ்சம் மருந்தை ஊற்றிக்கொண்டு போனான். அண்டா பக்கத்திலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் ஆறுவதற்குள் பார்த்துவிடலாம் என்பது அவன் கணக்கு. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். கையில் குழாய், முகத்தில் எரிச்சல்.

"அக்கா, மருந்து கெட்டுப்போச்சு. இந்தா பாரு, அரக்கா போச்சு."

அரக்கு என்று சொல்லித் தப்பிக்க முடியாத செங்கல். அவள் புருஷனுக்குக்கூட அவ்வளவு அழுத்தமாக வந்ததில்லை.

"உங்க மாமா சேத்துப்பட்டு போயிட்டாரே. யாரு தண்ணிடா விட்ட?"

"என்னுதுதான். யாருதா இருந்தா இன்னாக்கா? கலரு மருந்துலதான கீது?"

லீலா குழாயையும் தம்பி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீதானடா சொல்லுவ, கெணறு மாறினா கலரு மாறும்னு."

எந்தக் கிணற்றுத் தண்ணீரில் எந்தச் சிவப்பு எடுக்கும் என்று ஊருக்கே சொல்கிறவன் வீரபாகு. கையிலிருந்த குழாயைப் பார்த்தான், பக்கத்தில் தான் குடித்துவிட்டு வைத்த சொம்பைப் பார்த்தான். லீலாவும் அந்தச் சொம்பைத்தான் பார்த்தாள். எத்தனை சொம்பு மொண்டு கொடுத்திருப்பாள்! எத்தனை தரம் ஜெயத்தைத் திட்டியிருப்பாள்! கிட்டே போய்த் தம்பியின் தோளைத் தொட்டாள், எலும்பு கையில் இடித்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நட, ஜல்தி, டாக்டர்கிட்ட" என்று செருப்பைக்கூடப் போடாமல் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆள் இவ்வளவு இளைத்திருப்பதால் காத்திருக்க முடியாது, ஊசிதான் என்றார் டாக்டர். ஜெயம் ஊசியைப் பார்த்ததும் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். ஆகவே லீலாதான் கற்றுக்கொண்டாள். ஊசியைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, மருந்தை ஏற்றி, நடுங்குகிற விரலோடு தம்பியின் கையைப் பிடித்தாள். தைரியம் சொல்லக் கந்தசாமியும் வந்து நின்றார்.

"ஒண்ணும் ஆவாது மச்சான். எறும்பு கடிக்கிற மாதிரிதான். நான் இருக்கேன் இல்ல?"

ஊசி உள்ளே போயிற்று. வீரபாகு கண்ணைக்கூட இமைக்கவில்லை. பின்னால் தொம் என்று ஒரு சத்தம். கந்தசாமி சாய நூல் குவியலின் மேல் மல்லாந்து கிடந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பியது வீரபாகுதான். "எறும்பு உங்களக் கடிச்சுதா மாமா?" என்று கேட்டுவிட்டு அவன் சிரித்த சிரிப்பில் லீலாவின் நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

சாயத்துக்கும் வழி பிறந்தது. சின்ன அண்டாவை லீலா வீட்டுக் கொல்லைக்கே தூக்கிவந்தான். ஒரு காலையில் அடுப்படியில் பச்சை எழும்பியதும் லீலா கூவ, அவன் பார்த்துப் பார்த்துச் சாயத்தைக் கூட்டி நூலை முக்கியெடுத்தான். ஐப்பசி முதல் வாரம் கந்தசாமியின் குழாயைப் பார்த்த டாக்டர், மாத்திரையே போதும் என்றார். தையில் பொன்னியம்மாள் மகள் அந்தப் புடவையில் மணையேறினாள். பெரணமல்லூரில் பார்த்தவர்களெல்லாம் அதே கலர் கேட்டு வந்தார்கள். எங்கே கிடைத்த சாம்பிள் என்று கேட்டால் மாமனும் மச்சானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

இப்போது இரண்டு பேரும் காலையில் சேர்ந்தே நடந்தார்கள். யாராவது எங்கே என்று நிறுத்தினால், "கலர் எடுக்கப் போயிகினு கீறோம்" என்பார்கள். தொழில் விஷயம் என்றதும் எல்லாரும் மரியாதையாக வழிவிட்டார்கள். காப்பிப் பேச்சே எழவில்லை.

லீலாவுக்குத்தான் வேலை இரண்டாயிற்று. அவர் குழாய் ஒன்று, தம்பி குழாய் ஒன்று. தம்பியுடையது அசையவே இல்லை. பொங்கல் கழிந்தும் செங்கல்தான். மாசி பிறந்து கொஞ்சம் மாம்பழ மஞ்சள் எட்டிப் பார்த்தது. சொம்பு ஒன்றோடு நின்றது. அவன் கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தாற்போல இருந்தது. அது தன் ஆசையோ என்று அவள் ஜெயத்தை வேறு கேட்டாள். பங்குனியில் ஒரு காலை, கொதித்த குழாயைத் தூக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அலமாரிக்கு ஓடி, பொன்னியம்மாள் புடவையில் மிஞ்சிய ஒரு பிடிப் பட்டு நூலை எடுத்துவந்து குழாயின் பக்கத்தில் பிடித்தாள்.

"இன்னாக்கா, சாம்பிளுக்கு ஒத்து வருதா?" என்று கேட்டான் வீரபாகு.

அவள் தலையை ஆட்டினாள். கன்னம் முழுக்கக் கண்ணீர். கந்தசாமி குழாயை வாங்கி வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, வியாபாரத்தில் பார்க்கிற மாதிரியே நெடுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் மங்கலா கீதே மச்சான்" என்றார்.

"கண்ணத் தொடச்சிகினு பாருங்க" என்றாள் லீலா.