காய்ச்சல்தான் காரணம் என்றேன்

அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. தறியில் ஓர் இழை அறுந்தால் முடிச்சுப் போட அதைவிட நேரமாகும்.

சென்னை ஆஸ்பத்திரியில் மரபணு டாக்டர் லக்ஷணா ரிசல்ட்டைச் சொன்னபோது அறைக்குள் நான் மட்டும்தான் இருந்தேன். எங்கள் மகள் தேவிப்ரியாவுக்கு வலிப்பு வந்துவிட, என் மனைவி சங்கரி அவளைத் தூக்கிக்கொண்டு நர்ஸிடம் ஓடியிருந்தாள். அப்போது பிள்ளைக்கு மூன்று வயது. இன்னும் தலை நிற்கவில்லை.

“கருவுல மூணாவது மாசத்துலேருந்து மூளையோட நரம்பு செல்லெல்லாம் கிளம்பி மேல ஏறிப் போகணும். எங்க போய் நிக்கணும்னு ஒரு புரதம்தான் அதுங்களுக்குச் சொல்லும். ரீலின்னு பேரு. உங்க குழந்தைக்கு அது உருவாகவே இல்ல. செல்லுங்க வழி தெரியாம கெடைச்ச எடத்துல நின்னுடுச்சு.”

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை அதனதன் இடத்தில் நிற்காமல் ஒரே சிக்காகக் கிடந்தால் என்ன ஆகும் என்று நெசவாளி எனக்கா தெரியாது? “இப்ப அந்தப் புரதத்தை ஊசியா போட முடியாதா மேடம்?” என்றேன்.

“அது அந்த மாசங்கள்ல நடக்கவேண்டிய வேலை. இப்ப குடுத்தா எதுவும் நகராது.” கொஞ்சம் தயங்கினார். “நீங்க சொந்த அக்கா பொண்ணைக் கட்டியிருக்கீங்க. உங்க ரெண்டு பேர்கிட்டயும் அதே பழுதான ஜீன் இருக்கு. வீட்டுல வேற யாராவது சொந்தத்துல கட்டப்போறாங்கன்னா முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.”

அடுத்த வெள்ளிக்கிழமை என் தம்பி குருவுக்கும் சங்கரியின் தங்கை கலைவாணிக்கும் நிச்சயதார்த்தம்.

வெளியே வந்ததும் சங்கரி கேட்டாள். “இன்னா மாமா சொன்னாங்க?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏனாத்தூர் காலேஜில் எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்து, படிக்கிறேன் என்று அழுதவள் அவள். தாய்மாமன் உரிமை என்று பிடிவாதம் பிடித்து, நான்கு நாள் சோறு தின்னாமல் கிடந்து, கட்டிக்கொண்டவன் நான். படிப்பையும் பிடுங்கி, பிள்ளையையும் இப்படிக் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? கோழை நான், வேறென்ன.

“நாலாம் மாசத்துல உனக்குக் காய்ச்சல் வந்துதே, அதனாலதானாம்.”

“மழையில நனைஞ்சுக்கினே கோயிலுக்குப் போனேனே மாமா” என்றாள். காஞ்சிபுரம் வரும்வரை பஸ்ஸில் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

நிச்சயத்துக்கு முதல்நாள் சங்கரிக்கும் கலைவாணிக்கும் அம்மாவான சம்பூர்ணம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “சொந்தத்துல கட்டுனா ஆவாதுன்றாங்களேப்பா. டாக்டர் எதுனா சொன்னாங்களா?” இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கு வாய்க்கும்? அதையும் கோட்டைவிட்டேன்.

“அதெல்லாம் ஒண்ணும் சொல்லலக்கா.”

வாசலில் பந்தல் போட்டார்கள். நானே போய் வாழைமரம் கட்டினேன்.

கல்யாணமும் முடிந்தது. இரண்டு வருடம் கழித்து, போன வாரம் குரு ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தான். பின்னாலேயே கலைவாணி, ஏழு மாத வயிற்றோடு. இந்தப் படங்களை நான் பார்த்துப் பழகியவன் என்று என்னிடம்தான் நீட்டினார்கள். சிறுமூளை சுருங்கியிருக்கிறது, மூளையில் மடிப்புகள் சரியாக விழவில்லை என்று எழுதியிருந்தது.

“எனக்கு ஒருநாள்கூட காய்ச்சல் வரல மாமா. தூறல் போட்டாக்கூட நான் வெளிய போவல. பின்ன எப்படி?” என்றாள் கலைவாணி.

தேவிப்ரியாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த சங்கரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தங்கையைப் பார்க்கவில்லை.

“அந்த டாக்டர் இன்னாதான் சொன்னாங்க மாமா?”

சொன்னேன். ரீலின், ஜீன், டெஸ்ட் எல்லாவற்றையும் சொன்னேன். குரு என் சட்டையைப் பிடித்தான். பிறகு விட்டுவிட்டு வெளியே போய்விட்டான். கலைவாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

சங்கரி பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

“ரெண்டு வருஷமா ஒவ்வொரு வாய் ஊட்டும்போதும் இவகிட்ட மன்னிப்பு கேட்டுக்கினு இருக்கேன் மாமா” என்றாள்.