கையை எடுக்க விடமாட்டேன்

கறிக்கடைக்காரியின் இடது மேல்கையில் கட்டி புடைத்தபோது, புருஷன் அடித்த அடியில் வந்த வீக்கம் என்றுதான் நினைத்தாள். அந்த வீட்டில் அடி புதிதல்ல. லாரி ஓட்டுகிற அவனுக்குக் கோபம் வந்தால் கையில் கிடைத்தது பறக்கும்.

சதையில் துளி கிள்ளியெடுத்துச் சோதித்த டாக்டர், இது அடியால் வந்ததல்ல, தசையில் அபூர்வமாக வருகிற புற்று என்றார். புருஷனுக்குத் தெம்பு வந்துவிட்டது. "நான் அடிச்சு வரலையாம், டாக்டரே சொல்லிட்டார்" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான்.

கையையே எடுத்துவிடலாம், அல்லது கீமோ கொடுத்துப் பார்க்கலாம், கட்டி சுருங்கினால் அதை மட்டும் அறுத்துக் கையைக் காப்பாற்றலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவள் கீமோ கேட்டாள். மாதக்கணக்கில் கடையைப் பூட்டிவைக்க முடியாது, கையை வெட்டிப்போட்டுவிட்டு வா என்றான் புருஷன். அவள் அதைக் கேட்காமல் கீமோவுக்கே போனாள்.

ரத்தம் போலச் சிவந்த அந்த மருந்து முதல் தடவையே அவளைப் புரட்டிப் போட்டது. குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. வாயெல்லாம் புண். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சுருண்டு கிடந்தவளை அவன் காலால் எத்தினான். தடுக்க வந்த தன் தங்கையின் உதட்டையும் கிழித்தான்.

இரண்டாம் தடவை மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது வார்டுக்கே வந்துவிட்டான். "எழுந்திருடி" என்று அவள் வலது கையிலிருந்த ஊசியைப் பிடுங்கினான். ரத்தமும் மருந்தும் படுக்கையில் தெறித்தன.

அவள் எழுந்தாள். மருந்து தொங்கிய இரும்புக் கம்பியைத் தூக்கி அவன் தாடையில் இறக்கினாள். விழுந்தவன்மேல் இன்னொன்று. பல் தெறித்துத் தரையில் உருண்டது. மறுபடி ஓங்கியபோது நாத்தனார் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"போதும் அண்ணி. செத்துடுவான். உங்களுக்கு மருந்து பாதிதான் ஏறியிருக்கு."

நர்ஸ் முதலில் அவள் தோலில் பட்ட மருந்தைக் கழுவினாள். பிறகுதான் அவன் பக்கம் திரும்பினாள். போலீஸ் வந்தபோது அவன் இதுவரை அடித்ததையெல்லாம் நாத்தனார் ஒன்று விடாமல் சொன்னாள்.

"கூடப்பிறந்தவளா நீ?" என்று அண்ணன் குழறினான்.

"கூடப்பிறந்ததாலதான் இவ்வளவு நாளும் வாயை மூடிட்டு இருந்தேன்."

வேறு நரம்பு தேடி மீதி மருந்தை ஏற்றினார்கள். அடுத்தடுத்த தடவைகளில் கட்டி பாதியாகச் சுருங்கியது. அறுத்தபோது தசையும் கொஞ்சம் போனது. கை தோளுக்கு மேல் எழவில்லை. ஆனால் இருந்தது.

தலையில் முடி அரும்பிய சமயத்தில் அவன்மேல் போட்ட வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. வாசலில் எதிர்ப்பட்டவன் சுவரோரம் ஒதுங்கினான். அவள் நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.