தகரக் கொட்டகையில் பிடித்த தாளம்

ஒலிபெருக்கியில் "ஹேய்" என்று ஒரு குரல் கேட்டதும், கோயில் மைதான ஓரத்தில் தங்கள் முறைக்காகக் காத்து நின்ற வசந்தாமணியும் அவள் கும்மிக் குழுப் பெண்களும் சட்டென்று வலப்பக்கம் திரும்பிவிட்டார்கள். திரும்பிய பிறகுதான் உறைத்தது, ஆடிக்கொண்டிருப்பது தாங்கள் இல்லை. நடுவில் மஞ்சள் சேலையில் சுற்றிக்கொண்டிருந்தது சங்ககிரிப் பக்கத்துக் குழு. ஆனால் அந்த "ஹேய்"யும், அதற்கு முன்னால் உருண்ட மேளமும், பின்னால் வந்த ஜால்ராவும் அப்படியே இவர்களுடையவை. மாதக்கணக்காக அந்தக் குரலுக்குத்தான் கால் மாற்றிப் பழகியிருந்தார்கள். எல்லாத் தலைகளும் சத்யபிரியாவின் பக்கம் திரும்பின.

சத்யபிரியா வசந்தாமணியின் மருமகள். ஆடுகிறவள் இல்லை, ஆட்டத்துக்குத் தாளம் கொடுக்கிறவள். அவள் மடியில் இருந்த பெட்டிக்கு சாம்ப்ளர் என்று பேர். கையகலம்தான், மேலே வரிசையாக ரப்பர் பொத்தான்கள். எந்தச் சத்தத்தையும் உள்ளே பிடித்து, வேண்டிய இடத்தில் வெட்டி, பொத்தானுக்கு ஒன்றாக உட்கார வைத்துவிடலாம். பிறகு விரலால் தட்டித் தட்டி வாசிக்கலாம். ஈரோட்டில் ஒரு கல்லூரி மாணவனிடம் பழசாக வாங்கியது. மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் வண்டியோடு சுற்றும் கணவன் குணசீலன் போனில் கேட்ட ஒரே கேள்வி, அது மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் குடிக்கும் என்பதுதான். வசந்தாமணி அதைக் கால்குலேட்டர் என்பாள். ஆனால் பென்டிரைவில் ஓடும் மேளம் யாருக்காகவும் காத்திருக்காது, தன் மருமகளின் விரல் காத்திருக்கும் என்று கும்மி வாத்தியாரிடம் வாதாடி இடம் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். வாத்தியார் சபரிநாதன் அரைமனதாக ஒத்துக்கொண்டார். அரங்கேற்றத்தில் ஒரு பிசகு வந்தாலும் பழையபடி பென்டிரைவுதான் என்று அப்போதே சொல்லிவிட்டார். இன்றுதான் அந்த அரங்கேற்றம்.

அந்தத் தாளத்தைக் கண்டுபிடிக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. தயாராகப் பதிந்த சத்தங்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, சாம்பிள் பேக் என்று இணையத்தில் போடுகிறார்களே, அவற்றில் 'இந்தியா' என்று பேர் போட்டதையெல்லாம் இறக்கினாள். திறந்தால் தபலாவும் சித்தாரும். இன்னொன்றில் மகுடி. தேசம் பூராவும் பாம்பு பிடித்துக்கொண்டிருப்பதாக எவனோ நினைத்திருக்கிறான். கடைசியில் ஒரு டெலிகிராம் குழுவில், போட்டவர் பேரும் ஊரும் இல்லாமல், அந்த மேளமும் ஜால்ராவும் "ஹேய்"யும் கிடைத்தன. கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா கிடைத்த புதையல் தனக்கு மட்டும் கிடைத்ததாக நம்பினாள் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டாள். ஆயிரக்கணக்கான பேர் உள்ள குழுவில் சங்ககிரிக்காரர் ஒருவர் இருக்கமாட்டாரா?

"ஏனுங்க்கா, நம்ம சத்தத்த நீங்களே அவிங்களுக்குக் குடுத்துட்டீங்களா?" என்றாள் சௌந்தர்யா. குழுவிலேயே சின்னவள்; மனதில் பட்டதைக் கேட்டுவிட்டாள். மற்றவர்கள் கேட்காமல் பார்த்தார்கள். சத்யபிரியா டெலிகிராம் கதையை விளக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். இதே மேளத்தோடு அடுத்துப் போய் நின்றால் ஊரே காப்பி என்று சொல்லும். அத்தையின் முகத்தைத்தான் அவளால் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வசந்தாமணி தன் சேலைக் கொசுவத்தையே சரிசெய்துகொண்டிருந்தாள்.

"பொட்டிய மூடிருங்க அம்மிணி. பென்டிரைவும் இன்னைக்கு எடுத்தாரல. வெறுங்கையில ஆடிக்கலாம்," என்றார் சபரிநாதன். கோபமே இல்லாமல் சொன்னார். அது இன்னும் வலித்தது.

அவர் பெண்களைக் கோயிலின் அன்னதானக் கொட்டகைக்குள் கூட்டிப்போய், தானே பாடி ஒருமுறை ஒத்திகை பார்த்தார். அவருக்கும் உள்ளூரப் பயம்தான். திறந்த மைதானத்தில் வெறும் கைத்தட்டு முன்வரிசையைத் தாண்டாது. பின்வட்டம் தாளம் தப்பும். சத்யபிரியா வாசல்படியில் உட்கார்ந்து பெட்டியைப் பைக்குள் திணிக்கப் போனாள். அப்போது உள்ளே முதல் தட்டு விழுந்தது.

மேலே தகரக் கூரை, கீழே சிமெண்ட் தரை, மேசைகளை ஓரங்கட்டிய வெற்றிடம். அத்தனை கைகளும் ஒன்றாக விழ, கூரை அதை வாங்கி இரட்டிப்பாக்கித் திருப்பிக் கொடுத்தது. தட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு வளையல்கள், அதன் பின்னால் சலங்கை. சத்யபிரியா பெட்டியைத் திரும்ப மடியில் வைத்தாள். இத்தனை நாளும் இவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி, ஊரான் சத்தத்துக்கு அல்லவா அலைந்திருக்கிறாள். தன் மடத்தனத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எழுந்து நேராக அவர்கள் நடுவில் போய் நின்றாள்.

"இன்னொருக்கா தட்டுங்க. நடுவுல யாரும் பேசாதீங்க."

யாரும் அசையவில்லை. வாத்தியார் வாசலைப் பார்த்தார். அவர்களைக் கூப்பிட எந்த நிமிடமும் ஆள் வரலாம். வசந்தாமணி முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

"என்ற மருமவ சொல்றாள்ல. தட்டுங்க சாமி."

தட்டினார்கள். ஒற்றைத் தட்டு, இரட்டைத் தட்டு, தரையில் பாதம் பதியும் சத்தம், எல்லாம் பெட்டியின் சின்ன மைக்கில் ஏறியது. நடுவில் சௌந்தர்யா களுக்கென்று சிரித்துவிட, வசந்தாமணி, "ஏ புள்ள, நேரா நில்லு" என்று அதட்டினாள். அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. சத்யபிரியா அதைக் கழிக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, தனியாக வெட்டி ஒரு பொத்தானில் வைத்துக்கொண்டாள்.

மைதானத்தில் முதல் தட்டு ஒலிபெருக்கியிலிருந்து இறங்கியபோது ஆடப்போன பெண்களே ஒரு கணம் திகைத்தார்கள். அவர்களுடைய கைதான். ஆனால் இவ்வளவு பெரிய கை தங்களுக்கு இருப்பது அவர்களுக்கே இன்றுதான் தெரியும். அடுத்த தட்டில் நிஜக் கைகளும் போய்ச் சேர்ந்துகொண்டன. வாத்தியார் பாட்டை முடுக்க முடுக்க, சத்யபிரியாவின் விரலும் முடுக்கியது. பின்வட்டம் இம்மி பிசகவில்லை. "ஹேய்" வரவேண்டிய இடம் வந்தது. பொத்தானை அழுத்தினாள்.

"ஏ புள்ள, நேரா நில்லு" என்று வசந்தாமணியின் அதட்டல் மைதானம் முழுக்க முழங்கியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. வட்டம் ஒரே உடம்பாகத் திரும்பியது. தன் குரலைத் தானே கேட்ட வசந்தாமணி கொஞ்சமும் அசரவில்லை. அடுத்த முறை அது வந்தபோது ஒலிபெருக்கிக்கு மேலே கேட்கும்படி அவளும் சேர்ந்து அதட்டினாள். சபரிநாதன் பாட்டை விடாமலே சத்யபிரியாவைப் பார்த்து, இன்னும், இன்னும் என்று கையை உயர்த்தினார். பென்டிரைவுப் பேச்சு அந்தக் கையோடு போயிற்று.

கடைசிப் பாட்டுக்கு மஞ்சள் சேலைகள் உள்ளே வந்தன. முதலில் ஒருத்தி, அப்புறம் நாலைந்து பேர், அவர்களைப் பார்த்துக் கூட்டத்திலிருந்து குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள்கூட. வட்டம் அகன்று அகன்று சத்யபிரியா பெட்டியை வைத்து வாசித்த மேசை வரை வந்துவிட்டது. அவள் வாசித்தபடியே எழுந்து, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து இடம் விட்டாள். யாரோ ஒருத்தியின் சலங்கைக் காலில் ஒயர் சிக்கி, பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. பதறிப்போய் ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தாள். அது வாயடைத்து நின்றது. தட்டு நிற்கவில்லை. மைதானமே தட்டிக்கொண்டிருந்தது, அதே வேகத்தில். வேர்த்து விறுவிறுத்து வசந்தாமணி அவளைக் கடந்து சுற்றிப் போனாள். சத்யபிரியா ஒயரைத் தேடவில்லை. அவள் விரல்கள் மட்டும் சத்தமில்லாத பொத்தான்களின் மேல் ஓடிக்கொண்டே இருந்தன.