கிண்ணம் வருமுன் எழுந்து போகிறவர்கள்

“கொச்சம்மா, அந்தத் துணிய மட்டும் எனக்கக் கையில தராதீங்கோ!”

பொன்னம்மை பின்வாங்கிய வேகத்தில் கிணற்றடி வாளி உருண்டது. ரத்னாபாய் நீட்டிய வெள்ளைத் துணி அவள் கையிலேயே நின்றது. மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு; ஆலயத்தில் திருவிருந்து. அப்பமும் திராட்சரசக் கிண்ணமும் வைக்கிற மேசையில் விரிக்கும் துணி அது. அதைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தருவது சபை மூப்பரான தாசையன் வீட்டுப் பொறுப்பு. அவர் மனைவி ரத்னாபாயின் விரலில் அன்று அரிவாள்மணை வெட்டியிருந்தது. அதனால்தான் வேலைக்காரியிடம் நீட்டினாள்.

“வீட்டுத் துணி எல்லாம் நீதானேட்டி தொவைக்கே? இதுல என்ன பாம்பா சுருண்டிருக்கு?”

“பாம்புன்னா எனக்குப் பயமில்ல. இதுதான் பேடி.” பொன்னம்மை இரண்டு கைகளாலும் தன் நிறைவயிற்றைப் பொத்திக்கொண்டாள். “ஒண்ண நானே கொன்னாச்சு. இதயும் கொல்லாண்டாம்.”

“யாரக் கொன்னே?”

“எனக்க ஓமனாவ.”

ஓமனா இரண்டு வருஷத்துக்கு முன் விஷக்காய்ச்சலில் போன குழந்தை. நாலு வயசு. கரமனை ஆற்றோரக் குடிசைகளில் அந்த மழைக்காலத்தில் ஒன்பது பிள்ளைகள் போயின.

“நான் கிண்ணத்தில வாய் வச்சேன். இருபதாம் நாளு பிள்ள போச்சு. தகுதி இல்லாம குடிச்சா தண்டனையக் குடிக்கதுக்குச் சமம், அப்பிடிக் குடிச்சவங்க சீக்காகிச் சாவாங்கன்னு வேதத்தில இருக்காமே. குழி மூடின அண்ணைக்கே இங்கத்த மொதலாளி பறஞ்சாரு.”

ரத்னாபாய் பக்கத்திலிருந்த துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஆலயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெஞ்சுகளில் கருப்பட்டி, கொப்பரை வியாபாரம் செய்யும் குடும்பங்கள். பின்னால் தரையில், பாய்களில், ஊர் ஒதுக்கிவைத்த குடிகளிலிருந்து கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்கள். பிரசங்கம் முடிந்து பாட்டுத் தொடங்கியதும் பாய்க்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். பிறகுதான் கிண்ணம் பெஞ்சு பெஞ்சாக வரும். பெஞ்சுக்காரர்களின் பாட்டன்மாரையும் இதே ஊரில் சில தெருக்களில் நடக்க விட்டதில்லை. உட்காரப் பெஞ்சு கிடைத்ததும் அது மறந்துபோயிற்று. ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த போதகர் வழக்கம் தெரியாமல் பின்னால் வரை கிண்ணத்தைக் கொண்டுபோனார். பொன்னம்மை குடித்தது அன்றைக்குத்தான்.

ஆரியசாலைக் கடையிலிருந்து தாசையன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். ரத்னாபாய் இலை போடவில்லை.

“பிள்ள செத்ததுக்கு அவ கிண்ணத்தில குடிச்சதுதான் காரணம்னு சொன்னீங்களா?”

“நான் எங்க சொன்னேன்? பவுல் அப்போஸ்தலன் சொல்லுதான். நான் எடுத்துக் காட்டினேன்.”

“அந்த அதிகாரம் முழுக்கப் படிச்சுக் காட்டினீங்களா?”

“மருந்து ஒரு சொட்டுப் போதும். குப்பியோட குடிக்கணுமா?” தாசையன் சிரித்தார். “நீ சோத்தப் போடு.”

அவர் பொல்லாதவர் என்று அந்தக் கடைத்தெருவில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். எடையில் குறைவு வைக்காதவர். இரண்டு வேளை ஜெபிக்கிறவர். ஆனால் வேதத்தை அவர் ஒருநாளும் ஓர் அதிகாரமாகப் படித்ததில்லை. வேண்டிய வசனங்களை மட்டும் பொறுக்கி ஒரு நோட்டில் எழுதிவைத்து, ஞாயிறு வகுப்பில் அதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பார். எழுத்தறியாதவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அதற்கு முன்னே என்ன, பின்னே என்ன என்று கேட்க அவர்களிடம் புத்தகமும் இல்லை, படிப்பும் இல்லை.

அவர் கடைக்குத் திரும்பியதும் ரத்னாபாய் வேதபுத்தகத்தை எடுத்தாள். மிஷன் போர்டிங் பள்ளியில் ஆறு வருஷம் படித்தவள் அவள். பவுல் எழுதிய அந்த நிருபத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். அந்த இடம் வந்ததும் ஒருமுறை வாசித்தாள்; நம்பமுடியாமல் மறுபடி வாசித்தாள். பிறகு பொன்னம்மையைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள்.

“கேளு. பவுல் இத எழுதின ஊர்ச் சபையில பணக்காரங்க நேரத்தோட வந்து எல்லாத்தையும் தின்னு குடிச்சுத் தீத்திருக்காங்க. வேலை முடிஞ்சு பொறவு வந்த ஏழைக்கு ஒண்ணும் மிச்சமில்ல. அதுக்காக்கும் பவுல் ஏசுதான். இல்லாதவங்கள வெக்கப்படுத்துதீங்களான்னு கேக்கான். தகுதி இல்லாம குடிக்கதுன்னு சொன்னது அவங்களப் பாத்து. கடைசியில, ஒருத்தருக்காக ஒருத்தரு காத்திருங்கோன்னு முடிக்கான்.”

பொன்னம்மை அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

“அப்போ, செத்தாங்கன்னு எழுதியிருக்கதோ?”

“இருக்கு. இல்லேன்னு சொல்லமாட்டேன். அதுக்கு முழு அர்த்தமும் எனக்குத் தெரியல்ல. ஆனா அதுவும் அவங்களுக்குச் சொன்னதுதான். ஒனக்க ஓமனாவப் பத்தி இதுல ஒரு எழுத்துக்கூட இல்ல, பொன்னம்மே.”

பொன்னம்மை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுகை ஓய்ந்தபின், “எனக்க அண்ணன் வேதத்தில சேரல்ல. இப்பம் மகாராஜா எங்க ஆளுகளுக்கும் கோவிலத் தொறந்தாச்சு. அவன் பத்மநாபசாமி நடையில போய்த் தொழுதுட்டு வந்து என்னக் களியாக்குதான். ‘நான் உள்ள போறேன், நீ பாயச் சுருட்டிட்டு வெளிய போறே, கொள்ளாமே ஒனக்க வேதம்’னு” என்றாள்.

“நாளைக்கு நீ பாயச் சுருட்டாண்டாம். இருந்த எடத்தில இரு.”

சாயங்காலம் தாசையனிடம் ரத்னாபாய் இதை மறைக்கவில்லை. அவர் முகம் கறுத்தது.

“போர்டிங்கில ரெண்டு எழுத்துப் படிச்சதுக்கு மூப்பருக்கே உபதேசமா? பெஞ்சில இருக்கவன் ஒருத்தன் மிஞ்சமாட்டான். ஆலயத்தில வவ்வால் தொங்கும், கேட்டியா?”

“தொங்கட்டும். படிச்சுப் பாருங்க, இந்தப் பக்கம்தான்.”

அவர் புத்தகத்தைக் கையால் தள்ளினார். “அவ நாளைக்குக் கிண்ணத்துக்கு இருந்தா, திங்களாழ்ச்ச முதல் இந்த வாசலுக்கு வராண்டாம். சொல்லிரு.”

ரத்னாபாய் சொன்னாள். பொன்னம்மை தலையை ஆட்டினாள். அது சரி என்றா, மாட்டேன் என்றா, தெரியவில்லை.

ஞாயிறன்று பாட்டுத் தொடங்கியது. பாய்கள் சுருண்டன. பின்வாசல் வழியே எல்லோரும் வெளியேறி, வழக்கம்போலப் புன்னைமரத்தடியில் நின்றார்கள். ஒரே ஒரு பாய் மட்டும் விரித்தபடி இருந்தது.

தாசையன் கிண்ணத்தை ஆண்கள் பக்கம் கொண்டுபோனார். பிறகு பெண்கள் பக்கம். தன் மனைவியின் கையில் அதைக் கொடுத்தபோது அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ரத்னாபாய் வாங்கினாள். குடிக்கவில்லை. அடுத்தவளிடம் கொடுக்கவும் இல்லை.

“குடி” என்றார் தாசையன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“காத்திருக்கேன்.”

பக்கத்திலிருந்த ஞானபாய் முழங்கையால் இடித்தாள். “எதுக்கு ரத்னம்? ரசம் ஆறவா?”

“பின்னால ஒருத்தி இருக்கா.”

பெஞ்சுகள் திரும்பிப் பார்த்தன. “மூப்பருக்க வீட்டுக்காரிக்குப் பித்தாக்கும்” என்றது ஒரு குரல். “வேலைக்காரி எச்சிலக் குடிக்க நாங்க வரல்ல” என்றது இன்னொன்று. யாரோ காறினார்கள். பொன்னம்மை பாயில் குறுகிக்கொண்டாள். ரத்னாபாய் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

மேசையருகே நின்ற யோசுவா போதகர் பயந்த சுபாவக்காரர். பதினோரு வருஷமாகப் பாய்கள் சுருளுவதைப் பார்த்தும் பாராதவராக இருந்தவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“காத்திருக்கலாம் மூப்பரே. தெறுதி ஒண்ணுமில்ல.”

இவ்வளவுதான் அவரால் முடிந்தது. அது போதுமாயிருந்தது. ஞானபாய் முணுமுணுத்தபடியே கால்களை ஒடுக்கி வழி விட்டாள். பொன்னம்மை வயிற்றைத் தாங்கி எழுந்து வந்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே அவள் நடந்தது அதுவே முதல் தடவை.

“கொச்சம்மா, பேடியா இருக்கு.”

“எனக்கும்தான். குடி.”

பொன்னம்மை கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அவள் வாய் பட்ட இடத்திலேயே வாய் வைத்து ரத்னாபாய் குடித்தாள். கிண்ணம் ஞானபாயிடம் போனது. அவள் கொஞ்சநேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, “காய்ச்சல் வந்தா ஒனக்க வீட்டுலதான் படுப்பேன்” என்று சொல்லிக் குடித்தாள். பின்னாலிருந்த சிலர் குடித்தார்கள். சிலர் உதட்டை இறுக்கிக்கொண்டு அடுத்தவரிடம் தள்ளினார்கள். கடைசியில் கிண்ணம் தாசையன் கைக்கு வந்தது. பரிமாறுகிறவர் கடைசியாகக் குடிக்க வேண்டும். அடியில் ஒரு வாய் ரசம் இருந்தது. சபை முழுவதும் அவரைப் பார்த்தது.

தாசையன் கிண்ணத்தைக் குடிக்காமல் மேசையில் வைத்தார். பின்வாசல் வழியே வெளியே நடந்தார்.

முற்றத்தில் உச்சி வெயில் எரிந்தது. திருவிருந்து முடியாமல் வீட்டுக்குப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. உள்ளே திரும்பவும் கால் வரவில்லை. அப்படியே நின்றார். புன்னைமரத்தடியில் பாய்களை இடுக்கிக்கொண்டு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே நடந்தது அவர்களுக்குத் தெரியாது. கிண்ணம் வருமுன் மூப்பர் வெளியே வந்து அவர்கள் பார்த்ததில்லை. பாவம், அவரையும் அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார்கள்.

அவர்களில் ஒரு கிழவன் ஒதுங்கி இடம் விட்டான்.

“வெயிலு கொள்ளாதீங்கோ, மொதலாளி. இங்கோட்டு வாங்கோ. நெழலு எல்லாருக்கும் உண்டு.”