சாட்சி சொல்ல ஒரு பல் செட்டு

பல் செட்டு செய்கிறவளுக்கு ஊர் வைத்த பெயர் பல்லு டீச்சர். சும்மா வைக்கவில்லை. மெழுகில் பல்லை நிறுத்தி வாயில் மாட்டிப் பார்க்கிற நாளில், வந்தவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் எதையாவது மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்வாள். கண்ணாடியில் பார்த்தால் எல்லாப் பல்லும் அழகுதான், பேசினால்தான் வண்டவாளம் வெளியே வரும் என்பது அவள் கட்சி. கடைக்காரர் விலையை ஒப்பிப்பார், வாத்தியார் வாய்ப்பாடு சொல்வார். சபை ஆட்களிடம் மட்டும் ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சொல்லச் சொல்வாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அது யாருக்கும் மறக்காது.

அந்த ஜெபத்தில் ஒரு வரியை அவளே சொல்லி ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது என்பது யாருக்கும் தெரியாது. மற்றவர்களை நாங்கள் மன்னிக்கிறோம், எங்களையும் மன்னியும் என்று கேட்கிற வரி. சபையே சேர்ந்து சொல்லும்போது அந்த இடம் வந்தால் வாயை இறுக மூடிக்கொள்வாள். கொழுந்தனை அவள் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று கடவுளிடமே போய்ப் புளுக அவளுக்கென்ன பைத்தியமா?

அண்ணனும் தம்பியுமாக ஒரு வேன் ஓட்டிப் பிழைத்தார்கள். ஒருநாள் இருட்டு விலகும் முன்னால் அந்த வேன் மரத்தில் மோதியது. அண்ணன், அதாவது அவள் கணவர், அந்த இடத்திலேயே போய்விட்டார். முன்பல் எல்லாம் உடைந்து பிழைத்து வந்த தம்பி, அண்ணன்தான் ஓட்டினார், ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டார் என்று போலீஸில் சொன்னான். அவரோ, இருட்டில் கண் சரியாகத் தெரியாது என்று பொழுது சாய்ந்தால் ஸ்டியரிங்கையே தொடாத மனுஷன்! அவளும் சொல்லாத ஆள் இல்லை. "பாவம், புருஷன் மேல உசுரு, அப்படித்தான் பேசுவா" என்று எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். மகள் ஒருநாள், "அப்பா ஏம்மா தூங்கினாரு? நம்மள ஒரு நிமிஷம் நெனச்சுப் பாக்கலையா?" என்று கேட்டாளே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அப்படிப்பட்ட கொழுந்தன் ஒருநாள் காலையில் அவள் பட்டறை வாசலில் வந்து நின்றான். மீதிப் பல்லையும் பிடுங்கிவிட்டார்களாம், கன்னம் ஒட்டிக் கிடந்தது. என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் இங்கே வருவான்! விரட்டிவிடத்தான் எழுந்தாள். ஆனால் பல் இல்லாமல் வந்த யாரையும் அவள் அதுவரை திருப்பி அனுப்பியதில்லை.

"உக்காருங்க" என்றாள். அந்தக் காலத்தில் வாய் நிறைய 'தம்பி' என்று கூப்பிடுவாள். அது இப்போது வரவில்லை.

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாயில், ஈறின் அளவெடுக்கிற அச்சு மாவை அப்பிவிட்டாள். மாவு இறுகுகிறவரை எந்த மகாராஜாவாலும் பேச முடியாது, அவளுக்கு அது சௌகரியமாகப் போயிற்று. அடுத்த வாரம் மெழுகுப் பல் மாட்டிப் பார்க்க வரச்சொல்லி அனுப்பினாள்.

அவன் மறுபடி வந்த அன்றைக்குத்தான் அவள் பழக்கதோஷத்தில் அந்தத் தப்பைச் செய்தாள். செட்டை மேலே பொருத்தி, உதட்டை இழுத்துவிட்டு, தினமும் சொல்கிற மாதிரியே, "எங்க, ஜெபத்த சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் தொடங்கிவிட்டான். அவள் காதைத் தீட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கேட்டாள். கேட்டபடியே அவள் உதடும் கூட அசைந்தது. அந்த வரி வந்தது. அவள் வாய் தானாக மூடிக்கொண்டது.

அவன் வாயும் மூடிக்கொண்டது.



"ஏன் நிறுத்திட்டீங்க?"

"அந்த வரிய நான் சொல்றதில்ல அண்ணி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்கறது?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷமாக ஒரே சபையின் கூரைக்குக் கீழே, ஒரே வரியில் இரண்டு பேரும் ஊமையாக நின்றிருக்கிறார்கள். கேட்க முடியாமல் ஒருத்தன், கொடுக்க முடியாமல் ஒருத்தி.

"ஞாயித்துக்கிழமை சபை முன்னால நின்னு சாட்சி சொல்லப் போறேன்னு பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்" என்றான். "மறுநாள் ஸ்டேஷனுக்கும் போறேன். ஜெயில்னா ஜெயில். ஆனா பல்லப் பிடுங்குனதுலேருந்து நான் பேசறது எனக்கே புரியல. முக்கியமான இடத்துல குழறி ஒப்பேத்திட்டான்னு யாரும் சொல்லக் கூடாது. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"வண்டிய ஓட்டுனது நான்தான். தூங்குனதும் நான்தான்."

எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! ஆனால் 'வண்டி' காற்றாகப் போயிற்று, 'நான்தான்' நாக்கில் வழுக்கியது. இப்படிச் சொன்னால் யாருக்கு விளங்கும்? செட்டைக் கழற்றி, கத்தியைச் சூடு காட்டி, முன்பல்லை ஒரு மயிரிழை கீழே இறக்கினாள்.

"மறுபடியும் சொல்லுங்க."

சொன்னான்.

"இன்னொரு தடவை. 'நான்'ல நாக்கு பல்லுல பட்டும் படாம நிக்குது. நல்லா அழுத்துங்க." தன் மேல் பல்லை விரலால் தட்டிக் காட்டினாள்.

பொய் சொல்வானேன், முதலில் அவளுக்கு அது இனித்தது. அவன் சொல்லச் சொல்ல இன்னும் சொல், இன்னும் சொல் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கொண்டாடியது. திருத்த வேண்டியது எல்லாம் திருத்திய பிறகும் சொல்லச் சொன்னாள். அவனும் மறுக்கவில்லை. கண்ணீர் தாடையில் வழிய வழியச் சொன்னான். அதைத் துடைக்கப் போனபோதுதான் பார்த்தாள், கணவருக்கு இருந்த அதே தாடை. செட்டு போட்டதும் ஒட்டிக் கிடந்த கன்னம் நிமிர்ந்து, அவர் முகத்தில் பாதி அங்கே உட்கார்ந்திருந்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவனும் அந்த வேனிலிருந்து இன்னும் இறங்கவில்லை என்று புரிந்தது.

"போதும்" என்றாள். "விடுங்க, போதும்."

"தெளிவா வந்துச்சா அண்ணி?"

"வந்துச்சு." அவள் செட்டைக் கழற்றி வாங்கி வைத்தாள்.

சனிக்கிழமைக்குள் மெழுகை மாற்றிக் கெட்டிச் செட்டாக முடித்துக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பாஸ்டர் கூப்பிட்டதும் கொழுந்தன் எழுந்து முன்னால் போனான். அந்த விடியற்காலை விபத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். "வண்டிய..." என்றவன் அப்படியே நின்றுவிட்டான். வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தம் வரவில்லை. பின்பெஞ்சில் யாரோ கிசுகிசுத்தார்கள். அவன் கண் பெண்கள் பக்கம் அலைந்து அவளைப் பிடித்துக்கொண்டது.

அவள் இடத்தை விட்டு எழுந்தாள். எல்லாரும் பார்க்கட்டும் என்று நின்று, விரலால் தன் மேல் பல்லைத் தட்டிக் காட்டினாள்.

"வண்டிய ஓட்டுனது நான்தான். தூங்குனதும் நான்தான். எங்க அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல."

ஒரு எழுத்து சிந்தவில்லை. கடைசி பெஞ்சுவரை கேட்டது. மகள், "அப்போ அப்பா தூங்கலையாம்மா?" என்று கேட்டுக் கேட்டு அவள் தோளில் விழுந்து அழுதாள். அவள் மகளைக் கட்டிக்கொண்டு, "இல்லடி கண்ணு, தூங்கல" என்றாள்.

பிறகு சபை அந்த ஜெபத்தைத் தொடங்கியது. அந்த வரி வந்தபோது முன்னால் நின்றிருந்தவன் தலையைக் குனிந்து வாயை மூடிக்கொண்டான். அவள் மூடவில்லை. சொன்னாள். வருஷக்கணக்காகச் சொல்லாத வரி, கரகரவென்றுதான் வந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், யாரும் கிட்டே போகாமல் அவன் மதிலோரம் தனியாக நின்றுகொண்டிருந்தான். அவள் நேரே அவனிடம் போனாள்.

"புதுப் பல்லு. கண்டதையும் கடிச்சு வச்சீங்கன்னா ஈறு புண்ணாயிடும்" என்றாள். "வீட்டுல சோறு குழைய வடிச்சு வச்சிருக்கேன். வாங்க தம்பி, சாப்பிடலாம்."